பல்புக்கு வந்து சேராத வோல்ட்டுகள்

1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை 30 நிமிடம் முன்னே தள்ளி வைத்தது. சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் வேண்டும் என்பது காரணம். அன்றிலிருந்து நாம் வாழும் நேரம், கிழக்கே 120-ஆவது தீர்க்கரேகைக்கு உரிய நேரம். நெகிரி செம்பிலான் இருப்பதோ 102-ஐ ஒட்டி. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால், சூரியன் நம் கடிகாரத்தைவிட ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் பிந்தி வருகிறது. போர்ட்டிக்சன் மாவட்டத்துச் சுவாவில் ஏழு மணிக்கு முன் சூரியனைப் பார்ப்பது அபூர்வம். தோட்டத்துப் பெரட்டு, அதாவது காலையில் ஆள்கணக்கு எடுப்பது, அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும்.

ஆகவே இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பிக்அப் வண்டியின் முகப்பு விளக்குக்கு இரவைவிட விடியற்காலையில்தான் வேலை அதிகம். செம்மண் பாதை, மழை பெய்திருந்தால் அது வெளிச்சத்தைக் குடித்துவிடும், திருப்பித் தராது. இரண்டு பக்கமும் வயதான செம்பனை. மட்டைகள் மேலே கைகோத்துக்கொண்டால் நட்சத்திர வெளிச்சம்கூடக் கீழே வராது. ஓரக்கோடு கிடையாது, பிரதிபலிப்பான் கிடையாது. பாதை நடுவே படுத்திருக்கும் மாடு எழுந்திருக்க அவசரப்படுவதில்லை. இந்த இருட்டுக்குள் இருபது வயதைத் தாண்டிய ஒரு ஹைலக்ஸோ ஸ்டோர்மோ போகிறது. அதன் விளக்கு மஞ்சள் பூத்து, பத்தடிக்கு அப்பால் எதையும் காட்ட மறுக்கிறது.

பட்டறையில் கேட்கும் முதல் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான்: “பல்பு மாத்திட்டேன் அண்ணே, அப்பவும் மங்கலாத்தான் இருக்கு. நூறு வாட் போட்டுடலாமா?”

போடலாம். போட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்பதற்கு முன், பல்புக்கு எவ்வளவு மின்னழுத்தம் வந்து சேர்கிறது என்று யாராவது அளந்தார்களா என்று கேட்கவேண்டும். யாரும் அளந்திருக்கமாட்டார்கள்.

1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் வந்த ஜப்பானிய பிக்அப்களில் பலவற்றுக்கு எச்4 என்ற ஹாலஜன் பல்புதான். 1971-இல் ஐரோப்பாவில் பிறந்த வடிவம் இது: ஒரே கண்ணாடிக் குடுவைக்குள் இரண்டு இழைகள், தாழ் ஒளிக்கு ஒன்று, உயர் ஒளிக்கு ஒன்று. உறையின் மேல் 12 வோல்ட், 60/55 வாட் என்று அச்சிட்டிருக்கும். ஆனால் அதன் ஒளி அளவை நிர்ணயிக்கும் சர்வதேச விதி 12 வோல்ட்டில் அதைச் சோதிப்பதில்லை, 13.2 வோல்ட்டில் சோதிக்கிறது. அந்த மின்னழுத்தத்தில் தாழ் ஒளி இழை சுமார் 1000 லூமன் தரவேண்டும், உயர் ஒளி இழை 1650. எஞ்சின் ஓடும்போது அல்டர்னேட்டர் 14 வோல்ட்டை ஒட்டித் தருவதால், வழியில் கொஞ்சம் போனாலும் 13-க்கு மேல் வந்து சேரும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட விதி அது.

வழியில் போவது கொஞ்சமா என்பதில்தான் சிக்கல்.

டங்ஸ்டன் இழை வெப்பத்தால் ஒளிர்வது. மின்னழுத்தம் சற்றுக் குறைந்தால் இழையின் வெப்பம் சற்றுக் குறையும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளி சற்று அல்ல, மளமளவென்று குறையும். வெப்பம் தணியும்போது இழை தன் ஆற்றலில் இன்னும் பெரிய பங்கை அகச்சிவப்பாகவே கொட்டிவிடுகிறது. பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி: ஒளி, மின்னழுத்தத்தின் 3.4 மடிப் பெருக்கத்துக்கு நேர்விகிதம். 13.2 வோல்ட்டுக்குப் பதில் 12 வந்தால், மின்னழுத்தத்தில் போனது 9 சதவீதம், ஒளியில் போனது 28 சதவீதம். 11 வோல்ட்தான் வந்தால் ஒளி பாதிக்குச் சற்று மேலே நிற்கும். பல்பு புத்தம் புதிதாக, விலை உயர்ந்ததாக இருந்தாலும் இதே கணக்குதான். வெளிச்சம் மஞ்சளாகத் தெரிவதும் இதனால்தான். இழை சூடு போதாமல் கிடக்கிறது.

அந்த இரண்டு வோல்ட் எங்கே போனது?

ஜெர்மானியர் கியோர்க் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியே போதும். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் இழக்கும் வோல்ட் கிடைக்கும். இரண்டு தாழ் ஒளி இழைகளும் சேர்ந்து ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கின்றன. பத்தில் ஒரு ஓம் தடை இருந்தால் ஒரு வோல்ட் காலி. பத்தில் ஒரு ஓம் என்பது எவ்வளவு சிறியது! 0.85 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் நான்கு மீட்டர் போனாலே 0.08 ஓம் வந்துவிடும். அந்தக் கால வண்டிகளில் பலவற்றில் மின்சாரம் பேட்டரியிலிருந்து கிளம்பி, பியூஸ் பெட்டிக்குப் போய், தீச்சுவரைத் தாண்டி உள்ளே ஸ்டியரிங் தண்டுக்கு ஏறி, சுவிட்சின் சின்னஞ்சிறு தொடுமுனைகளைக் கடந்து, திரும்பவும் அதே வழியாக முன்னால் வந்து விளக்கைச் சேர்கிறது. செம்பை மிச்சம் பிடித்த உற்பத்தியாளர், கணக்குப் போட்டுத்தான் அந்த வயரை அவ்வளவு மெலிதாக வைத்தார். புது வண்டியில் அது போதும்.

இருபது ஆண்டுகளில் அந்தக் கணக்கோடு வேறு சில சேர்ந்துகொள்கின்றன. சுவிட்சின் தொடுமுனை ஒவ்வொரு முறையும் சிறு பொறியில் கருகுகிறது. விளக்கின் பின்புற சாக்கெட்டில் தகரம் தளர்ந்து, சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகிறது. மலாக்கா நீரிணைக் காற்று எட்டும் ஊர் இது. உப்பும் ஈரமும் வயர் முனையில் பச்சை பூக்கவைக்கின்றன. எல்லோரும் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு: மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. பாடியில் முடுக்கிய ஒரு போல்ட்டுக்கு அடியில் துரு படிந்திருந்தால், போகும் வழி எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

இங்கே மின்வாரிய நினைவு ஒன்று வருகிறது. சுவாவிலிருந்து அதிக தூரமில்லாத ஜிமா கடலோரத்தில் 2009-இல் ஒரு நிலக்கரி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 1400 மெகாவாட். அந்த மின்சாரம் 500 கிலோவோல்ட்டில் கம்பி ஏறுகிறது. அதையே 12 வோல்ட்டில் அனுப்பவேண்டுமென்றால் கம்பியில் கிட்டத்தட்ட 12 கோடி ஆம்பியர் ஓடவேண்டும். எந்தக் கம்பியும் தாங்காது. மின்னழுத்தம் உயர உயர, அதே ஆற்றலுக்கு ஓடவேண்டிய மின்னோட்டம் குறையும். கம்பியில் வீணாவது மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். இரண்டு ஹெட்லைட்டுகளின் 110 வாட்டை வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டில் எரித்தால் அரை ஆம்பியர்கூட வேண்டாம். அதே மெல்லிய வயரில் வீணாவது முந்நூற்றுக்கும் மேல் மடங்கு குறையும். வண்டி 12 வோல்ட்டில் ஓடுவதால்தான் ஒரு மீட்டர் வயரும் ஒரு துருப்பிடித்த போல்ட்டும் இவ்வளவு கணக்குக் கேட்கின்றன.

அளப்பது எப்படி? பலரும் சாக்கெட்டைப் பல்பிலிருந்து பிடுங்கி, மல்டிமீட்டரின் முனைகளை அதற்குள் நுழைத்து, “பாருங்க, பதினாலு வோல்ட் வருது, வயரிங் நல்லாத்தான் இருக்கு” என்று முடித்துவிடுகிறார்கள். அந்த அளவு ஒன்றையும் சொல்லாது. பல்பு இணைப்பில் இல்லாதபோது மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் பூச்சியமானால் தடை எவ்வளவு இருந்தாலும் இழப்பும் பூச்சியம். கருகிய தொடுமுனை வழியாகவும் முழு 14 வோல்ட் சொகுசாகக் காட்சி தரும். சாக்கெட் பல்பில் பொருந்தியிருக்க, எஞ்சின் ஓட, விளக்கு எரிய, பின்புறத்திலிருந்து முனையைச் சொருகித்தான் அளக்கவேண்டும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் மற்றதைப் பல்பின் நேர்முனையிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது போகும் வழியில் தொலைந்த வோல்ட். பேட்டரியின் எதிர்முனைக்கும் பல்பின் எதிர்முனைக்கும் இடையே வைத்தால் திரும்பும் வழியில் தொலைந்தது. இரண்டையும் கூட்டினால் அரை வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். பழைய வண்டியில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் வந்தாலும் அதிர்ச்சியடைய வேண்டியதில்லை.

பேட்டரியில் 14.0, பல்பில் 11.8 என்று வைத்துக்கொள்வோம். இப்போது நூறு வாட் யோசனைக்கு வருவோம். 100/90 வாட் பல்பு தாழ் ஒளியிலேயே 55-க்குப் பதில் 90 வாட். மின்னோட்டம் ஒன்றரை மடங்குக்கு மேல். அதே வயர், அதே தடை. ஆகவே இழக்கும் வோல்ட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல். பல்புக்கு வந்து சேர்வது 11-க்கும் கீழே இறங்கிவிடும். கூடுதலாக வாங்கிய வெளிச்சத்தில் பெரும்பகுதி வயரைச் சூடாக்கவே போகும். சுவிட்சும் சாக்கெட்டும் உருகும் மணம் வந்தால், அந்தக் கூடுதல் வாட்டுகள் எங்கே செலவாகின்றன என்பதை மூக்கே சொல்லிவிடும்.

பரிகாரம் மலிவானது: ரிலே. சின்னக் கறுப்புப் பெட்டி. அடியில் 30, 85, 86, 87 என்ற எண்கள். போர்ட்டிக்சன் சந்துக் கடையில் வாங்கினாலும் அந்த எண்கள் ஜெர்மன் தரநிர்ணயத்தின் எண்கள்தான். 30 பேட்டரியிலிருந்து நேராக வருவது, 87 பல்புக்குப் போவது. 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காந்தச்சுருளின் முனைகள். பழைய வயர் இனி பல்பைத் தூக்கிச் சுமக்காது. அந்தச் சுருளை மட்டும் தட்டி எழுப்பும். சுருள் இழுப்பது ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பழைய வயரின் தடை அப்படியே இருந்தாலும் பாதகமில்லை. பேட்டரியிலிருந்து பல்புக்குப் புதிதாக 3 சதுர மில்லிமீட்டர் வயர், இரண்டு மீட்டர் போதும். இழப்பு பத்தில் ஒரு வோல்ட். தாழ் ஒளிக்கு ஒரு ரிலே, உயர் ஒளிக்கு ஒன்று. பல்பின் எதிர்முனைக்கும் புது வயர், சுரண்டிச் சுத்தம் செய்த உலோகத்தில் முடுக்கியது. பேட்டரியை விட்டுக் கிளம்பும் வயரில் ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்கவேண்டும். ரேடியேட்டர் தகட்டில் உரசி உறை தேய்ந்த பியூஸ் இல்லாத வயர் ஒன்று, வண்டியையே எரிக்கப் போதும்.

எச்சரிக்கை ஒன்று, முக்கியமாக டொயோட்டாக்காரர்களுக்கு. பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் சுவிட்ச் நேர்முனைப் பக்கம் இல்லை. பல்புக்கு நேர்முனை எப்போதும் வந்துகொண்டிருக்கும், சுவிட்ச் எதிர்முனையைத்தான் இணைத்துத் துண்டிக்கும். கடையில் விற்கும் ஆயத்த வயரிங் செட் பெரும்பாலும் மற்ற ஏற்பாட்டை மனதில் வைத்துச் செய்தது. பார்க்காமல் மாட்டினால் தாழ் ஒளியும் உயர் ஒளியும் ஒன்றாக எரியும், அல்லது எதுவும் எரியாது. வயரிங்காரர் கெட்டிக்காரரென்றால் முதலில் சோதனை விளக்கை எடுப்பார், கத்தரியை அல்ல.

வேலை முடிந்து பல்பில் 13.6 வோல்ட் வந்தால், 11.8-இல் இருந்ததைவிட ஒளி 60 சதவீதம் கூடியிருக்கும். அதே பல்பு, அதே கண்ணாடி. இதற்கு ஒரு விலை உண்டு: பல்பின் ஆயுள் மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 13 மடிக்கு எதிர்விகிதத்தில் சரியும். 13.2-இல் எரிவதைவிட 13.6-இல் அதன் ஆயுள் மூன்றில் ஒரு பங்கு குறையும். பல்பு எப்போதாவது மாற்றக்கூடியது என்பதால் இந்தப் பேரத்தை நான் ஏற்றுக்கொள்வேன்.

வயரிங்கைச் சரிசெய்த பிறகும் மங்கலாக இருந்தால், அடுத்த சந்தேகம் கண்ணாடி. கண்ணாடி என்று பழக்கத்தில் சொல்கிறோம். பழைய வண்டிகளில்தான் நிஜக் கண்ணாடி, அது மஞ்சளாகாது. பின்னால் வந்தவற்றில் பாலிகார்பனேட். 1953-இல் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல் உருவாக்கிய பிளாஸ்டிக். கல் பட்டால் உடையாது, எடை குறைவு, விரும்பிய வடிவில் வார்க்கலாம். புறஊதாக் கதிர்தான் அதற்குப் பகை. அந்தக் கதிர் மூலக்கூறுச் சங்கிலியின் கார்பனேட் இணைப்புகளை உடைத்து வேறு விதமாகப் பின்னிவிடுகிறது; புதிதாகப் பின்னியவை நீல ஒளியை விழுங்குகின்றன, மிஞ்சுவது மஞ்சள். தொழிற்சாலையில் பூசிய கடினப் பூச்சு இருக்கும்வரை பாதுகாப்பு. நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகைக்குள் இருக்கும் ஊரில், நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டியில், அந்தப் பூச்சு எத்தனை காலம் தாங்கும்? செம்மண் தூசி வேறு நாள்தோறும் அதைத் தேய்க்கிறது.

மங்கிய பாலிகார்பனேட் ஒளியைத் தடுப்பதோடு சிதறடிக்கவும் செய்கிறது. சாலைக்குப் போகவேண்டியது மேலே போகிறது, எதிரே வருபவர் கண்ணுக்குப் போகிறது. பற்பசை வைத்துத் தேய்க்கும் வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். அதில் உள்ள நுண்துகள் மேல்படலத்தை உரித்து எடுப்பதால் அன்றைக்குப் பளபளக்கத்தான் செய்யும். மிச்சமிருந்த பூச்சும் அதோடு போய்விடுவதால் சில வாரங்களில் முன்னைவிட மோசமாகத் திரும்பும். தண்ணீர்த் தாளால் 800, 1500, 2000 என்று படிப்படியாகத் தேய்த்து, மெருகேற்றி, புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு ஒன்றை மேலே அடித்தால்தான் வேலை நிலைக்கும். கடைசிப் படியை விட்டுவிட்டுச் செய்து தருபவர்களிடம் காசு கொடுக்கவேண்டாம்.

உள்ளே இருக்கும் பிரதிபலிப்புத் தட்டு வேறு கதை. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம் அது, ஒரு மைக்ரானைவிட மெல்லியது. ஈரம் புகுந்து சாம்பல் பூத்தால் துணியால் துடைக்காதீர்கள். துணியோடு அலுமினியமே வந்துவிடும். விளக்கையே மாற்றவேண்டியதுதான். ஹாஃப்கட் என்னும் பழைய உதிரிபாகக் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்தவை கிடைக்கும். ஜப்பானும் நம்மைப் போல் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் பொருந்தும். இணையத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்குமுன் அது எந்தப் பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்தது என்று பார்த்துக்கொள்ளவேண்டும். தாழ் ஒளியின் மேல்விளிம்பு ஒரு பக்கம் மட்டும் சற்று உயர்ந்து சாலை ஓரத்தைக் காட்டும்படி வடிவமைத்திருப்பார்கள். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்ததை இங்கே மாட்டினால், அந்த உயர்ந்த பகுதி எதிர்வரும் வண்டியின் முகத்தில் போய் விழும்.

எல்இடிக்கு வருவோம். எச்4 பல்பை எடுத்துவிட்டு அதே துளையில் எல்இடியைச் சொருகினால் தீர்ந்தது என்று கடைக்காரர் சொல்வார். சுவரில் அடித்துக் காட்டுவார், பளீரென்று வெள்ளை. ஆனால் விளக்கின் வளைந்த தட்டு வடிவமைக்கப்பட்டது, குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் மெல்லிய சுருள் இழை ஒன்றுக்காக. எச்4-இன் தாழ் ஒளி இழை தட்டின் குவியத்துக்குச் சற்று முன்னால் நிற்கிறது. அடியில் கரண்டி போன்ற சிறு உலோக மறைப்பு, தட்டின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் தடுக்கிறது. மேல்பாதியில் பட்ட ஒளி மட்டும் கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சாலையில் ஒளியின் உருவம் கலைந்துவிடும். எல்இடிச் சில்லு தட்டையானது, இரண்டு பக்கமும் ஒட்டியது, நடுவே தடிமன் உள்ளது. இழை இருந்த இடத்தில் இழை போலவே அது இருக்க முடிவதில்லை. விளைவு: வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பகலாகிறது, தூரத்தில் குறைகிறது, எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவர் கண்ணை மூடிக்கொள்கிறார். எல்லா எல்இடியும் மோசமில்லை. தொழிற்சாலையிலேயே எல்இடிக்கென்று தட்டு வடித்த விளக்குகள் அருமையானவை. தரச்சான்று இல்லாமல் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு மாட்டினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

அந்தப் பத்து மீட்டர் பகல் ஓட்டுநரையே ஏமாற்றுகிறது. அருகே பிரகாசமாக இருந்தால் கண் அந்தப் பிரகாசத்துக்குப் பழகிக்கொள்கிறது. தூரத்து மங்கல் இன்னும் இருட்டாகிவிடுகிறது. நன்றாகத் தெரிகிறது என்ற உணர்வும் உண்மையில் தெரிவதும் இங்கே எதிரெதிராக நடக்கின்றன. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. மாட்டைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்றால் 25 மீட்டர் போய்விடும். நனைந்த செம்மண்ணில் நிற்க இன்னும் 40 மீட்டர். ஆக 65 மீட்டருக்கு அப்பால் இருப்பதைக் காட்டாத விளக்கு, அந்த வேகத்துக்குப் போதாது. ஒளி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், பல்பின் ஒளி பாதியானால் எட்டும் தூரம் 30 சதவீதம் சுருங்கும். ஓட்டுநர் வயதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்: அறுபது வயதுக்காரர் விழித்திரைக்கு, இருபது வயதில் போய்ச் சேர்ந்த ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது.

விளக்கின் திசை பார்ப்பதைக் கடைசியில்தான் செய்யவேண்டும். பல்பையோ விளக்கையோ தொட்டால் அது மாறிவிடும். மங்கல் என்று வரும் புகாரில் ஒரு பகுதி, திருகாணியைத் திருப்பினாலே தீர்வது. பிக்அப்பின் விளக்கு தரையிலிருந்து சுமார் 85 சென்டிமீட்டர் உயரம். ஒளியின் மேல்விளிம்பு நூற்றுக்கு ஒன்று தாழ்ந்திருந்தால், அதாவது 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர், அது 85 மீட்டரில் தரையைத் தொடும். நூற்றுக்கு இரண்டு தாழ்ந்தால் 42 மீட்டரிலேயே முடிந்துவிடும். அப்போது எந்தப் பல்பு போட்டும் பயனில்லை. சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு போட்டால், சரிபார்க்க வேறு கருவி வேண்டாம். வாகனப் பரிசோதனை மையமான புஸ்பாகோமில் இதையே கருவி வைத்துச் செய்கிறார்கள்.

வண்டி வெறுமையாக நிற்கும்போது சரிபார்த்துவிட்டு, பிறகு பின்னால் உர மூட்டை ஏற்றினால் கணக்கு கெட்டுவிடும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே சுமார் மூன்று மீட்டர். பின்பக்க இலைவில் ஆறு சென்டிமீட்டர் அமுங்கினால் மூக்கு நூற்றுக்கு இரண்டு மேலே தூக்கும். தாழ் ஒளி தாழாது. 50 மீட்டருக்கு அப்பால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்துக்கு நேராக நிற்கும். சில வண்டிகளில் டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று எழுதிய சின்னச் சக்கரம் இருக்கும். சுமை ஏற்ற ஏற்ற விளக்கைத் தாழ்த்துவதற்கு வைத்தது, பலர் அதைத் தொட்டதே இல்லை. அது இல்லாத வண்டியை, பெரட்டுக்குக் கிளம்பும்போது வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றி, டயரில் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஆளை உட்காரவைத்துவிட்டுத்தான் சுவருக்கு முன்னால் நிறுத்தவேண்டும்.